10 நாள் ஷூ

என் மகனுக்கு ஷூவை ஜோடியாகக் கழற்றி வைக்கும் பழக்கம் கிடையாது. பள்ளி விட்டு வந்தால் ஒன்று படியில் கிடக்கும், இன்னொன்று ரோஜாத் தொட்டிக்குப் பின்னால் கிடக்கும். அந்தச் செவ்வாய்க்கிழமை இரண்டும் சுவரோரமாக, சொல்லி வைத்த மாதிரி ஒழுங்காக இருந்தன. பையனுக்கு 10 வயதாகிவிட்டது, புத்தி வருகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலையில் துணி ஊறவைக்க எடுக்கும்போது கட்டிலுக்கு அடியிலிருந்து மூன்று ஜோடி சாக்ஸ் வந்தது. மூன்றிலும் வலது காலில் மட்டும் அடிப்பக்கம் முழுக்கச் செம்மண். ஒன்றில் காய்ந்த சில்வர் ஓக் இலைத் துண்டு ஒட்டிக்கொண்டிருந்தது. வாசலுக்குப் போய் வலது ஷூவைத் திருப்பினேன். முன்பாதத்துக்குக் கீழே அடி என்று ஒன்று இல்லை. நோட்டு அட்டையைக் கால் அளவுக்கு வெட்டி உள்ளே செருகியிருந்தான். அது ஊறின அப்பளமாகிக் கிடந்தது.

"எப்பருந்துடா இப்படி?"

"வெள்ளிக்கிழமையிலிருந்து."

"ஏன் சொல்லல?"

"நான் பந்தை ஒதைச்சுத்தான் பிஞ்சுதுன்னு நெனச்சேம்மா."

எங்கள் வீட்டிலிருந்து பள்ளிக்குத் தேயிலைத் தோட்டத்துக் குறுக்குப்பாதையில் போனால் ஒரு கிலோமீட்டர். கோத்தகிரியில் ஜூன் மாதம் பெரிய மழை இருக்காது. எங்களுக்குப் பெருமழை ஐப்பசி, கார்த்திகையில்தான். ஜூனில் அவலாஞ்சியும் கூடலூரும் கொட்டித் தீர்க்கும்போது எங்கள் பக்கம் சாரலும் மூடுபனியும் மட்டும் வந்து போகும். ஆனால் பாதைப் புல் காயவே காயாது. அந்த ஈரத்தில் மூன்று நாள் அட்டையை மிதித்துக்கொண்டு போய் வந்திருக்கிறான். அன்றைக்குப் புதன்கிழமை, வெள்ளைக் கேன்வாஸ் போடும் நாள் என்பதால் பள்ளிக்கு அனுப்ப முடிந்தது.

கணக்குப் பார்த்தேன். மே 28இல் வாங்கினோம். ஜூன் 2இல் பள்ளி திறந்தது. புதன்கிழமைகளைக் கழித்தால் அந்தக் கறுப்பு ஷூவைப் பையன் போட்டது மொத்தம் 10 நாள். விலை 850 ரூபாய். நாளுக்கு 85 ரூபாய் ஆகிறது. குன்னூருக்கு பஸ்ஸில் போய் டீ குடித்துவிட்டுத் திரும்பி வந்திருக்கலாம்.

நான் ஜெராக்ஸ் கடையில் வேலை பார்க்கிறேன். ஜெராக்ஸ் என்பது போர்டில் இருக்கும் பெயர். என் வேலை டைப்பிங். காலை 10 மணியிலிருந்து மாலை 6 மணி வரை ஊர்க்காரர்களின் குறைகளைத் தட்டச்சு செய்கிறேன். குடிநீர் வரவில்லை, பட்டா பெயர் மாறவில்லை, காட்டெருமை தோட்டத்துக்குள் வந்துவிட்டது, முதியோர் உதவித்தொகை நின்றுவிட்டது. 'பொருள்', 'பார்வை', 'மேற்படி', 'ஆவன செய்யுமாறு தாழ்மையுடன்' எல்லாம் எனக்குக் கண்ணை மூடிக்கொண்டு வரும். நுகர்வோர் புகார்களும் அடித்திருக்கிறேன்: மிக்ஸி, ஃபோன், ஒரு தடவை தையல் மெஷின். அடுத்தவருக்கு அடிக்கும்போது வராத தயக்கம் என் விஷயம் என்றதும் வந்துவிட்டது.

முதலில் கடைக்குப் போகவில்லை, செருப்பு தைக்கும் தாத்தாவிடம் போனேன். பஸ் ஸ்டாண்டு பக்கம் பெரிய கறுப்புக் குடைக்கு அடியில் உட்கார்ந்திருப்பார். அடி விட்டுப்போன ஷூவாக இருந்தால் 40 ரூபாய்க்குச் சுற்றித் தைத்துக் கொடுத்துவிடுவார், இரண்டு வருடம் ஓடும். அவர் ஷூவை வாங்கி மூக்கருகே கொண்டுபோய்ப் பார்த்தார். பிறகு மிச்சமிருந்த அடியில், குதிகால் பக்கமாக, கட்டைவிரல் நகத்தை வைத்து அழுத்தினார். நகம் உள்ளே போயிற்று. இழுத்தபோது பொல பொலவென்று உதிர்ந்து அவர் வேட்டி மேல் விழுந்தது. டீயில் நனைத்து மறந்துபோன ரஸ்க் எப்படி உதிருமோ அப்படி.

"அம்மணி, இது பசை விட்டதில்ல. பசை விட்டா ஒட்டிக் குடுப்பேன். இது அடியே மக்கிப் போச்சு. இதுல ஊசி நிக்காது."

"புதுசு தாத்தா. வாங்கி 22 நாள்தான் ஆச்சு."

"நீ வாங்கி 22 நாள். அது பொறந்து எத்தனை வருஷமோ."

இடது ஷூவையும் திருப்பிக் காட்டினார். அது வெளிப்பார்வைக்கு நன்றாகத்தான் இருந்தது. சுற்றிலும் வெள்ளை நூல் தையல் ஓடியது. குத்தூசியை எடுத்து அந்தத் தையலுக்கு அடியில் கொடுத்து நெம்பினார். நூல் வரவில்லை. அது நூலே இல்லை, அச்சிலேயே வார்த்த வரி. மேலே வெள்ளைச் சாயம் பூசியிருந்தது. அந்தத் தையலைப் பார்த்து நம்பித்தான் நான் அந்த ஷூவை எடுத்தேன். கடையில் 650 ரூபாய்க்கும் ஒன்று இருந்தது. அதில் தையல் இல்லை என்று ஒதுக்கினேன்.

இதையெல்லாம் ஒரு தாளில் எழுதித் தரமுடியுமா என்று கேட்டேன். தாத்தா குடைக்கம்பைப் பார்த்தார். "எனக்கெதுக்கு சாமி வம்பு. அந்தக் கடையிலதான் நானும் சொல்யூஷன் டின் வாங்குறேன்."

அவரைக் குறை சொல்லமாட்டேன். எனக்கும் அதே வியாதிதான். பெயர் முகதாட்சண்யம்.

வீட்டுக்கு வந்து ஷூப் பெட்டியைத் தேடினேன். பையன் அதில் பைன் காய்களைப் போட்டு வைத்திருந்தான். பெட்டியின் ஓரத்தில் கடையின் விலை ஸ்டிக்கர். அதை நகத்தால் சுரண்டியபோது அடியில் கம்பெனியின் அசல் ஸ்டிக்கர் இருந்தது. பொட்டலமாக விற்கும் பொருளில் தயாரிப்பாளர் பெயர், முகவரி, அதிகபட்ச விலை, தயாரித்த மாதமும் வருடமும், புகார் சொல்ல ஒரு தொலைபேசி எண் எல்லாம் இருக்க வேண்டும் என்று 2011ஆம் ஆண்டின் எடையளவு விதிகள் சொல்கின்றன. அத்தனையும் இருந்தது. தயாரித்த மாதம்: பிப்ரவரி 2020.

அதைப் பார்த்ததும் எனக்குக் கதை முழுக்கப் புரிந்துவிட்டது. 2020 ஜூனில் பள்ளி திறக்கும் என்று நம்பிச் செய்த சரக்கு. மார்ச்சில் பள்ளிகள் மூடின. தமிழ்நாட்டில் 1 முதல் 8ஆம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகள் மறுபடி வகுப்புக்குப் போனது 2021 நவம்பர் 1ஆம் தேதி. அதுவரை இங்கே எந்தச் சின்னக் குழந்தைக்குப் பள்ளி ஷூ தேவைப்பட்டது? எங்கோ ஒரு குடோனில், அப்புறம் இன்னொரு குடோனில், கடைசியில் மலையேறி வந்து ஒரு பரணில், 5 வருஷத்துக்கு மேல் அந்த ஷூ காத்திருந்திருக்கிறது. என் மகன் அதைப் போட்ட அன்று அதற்கு அவனில் பாதி வயது.

அடி ஏன் மக்கியது என்பதையும் தெரிந்துகொண்டேன். லேசாக, மெத்தென்று இருக்கும் அந்த அடிக்குப் பெயர் பாலியூரித்தேன், வியாபாரத்தில் 'பி.யூ.' என்பார்கள். ஈரப்பதம்தான் அதற்குப் பகை. காற்றிலுள்ள நீர் மெல்ல உள்ளே புகுந்து அந்த நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகளைக் கண்ணி கண்ணியாக அறுக்கும். பள்ளிப் பாடத்தில் நீராற்பகுப்பு என்று படித்தோமே, அதேதான். போட்டு நடந்தால்தான் தேயும் என்றில்லை, பெட்டிக்குள் சும்மா கிடந்தாலும் நடக்கும். வெளியே பார்த்தால் பளபளப்பு, உள்ளே ரஸ்க். எங்கள் ஊரில் அலமாரிக்குள் தோல் பெல்ட்டில் பூஞ்சை பிடிக்கிறது, உப்பு ஜாடியில் தண்ணீர் விடுகிறது. இங்கே ஐந்து வருஷம் வைத்திருந்தால் அந்த அடி என்ன பாடுபடும் என்று தனியாகச் சொல்ல வேண்டாம். பி.வி.சி. அடி இதைவிட மலிவு, கனம். குளிரில் கட்டை மாதிரி விறைத்துக்கொள்ளும், ஈரக் கல்லில் வழுக்கும். ஆனால் இப்படி மக்காது. நான் ஒதுக்கிவிட்டு வந்த 650 ரூபாய் ஷூ பி.வி.சி.

(ஆம்பூரும் ராணிப்பேட்டையும் வாணியம்பாடியும் உலகத்துக்கே ஷூ தைத்து அனுப்புகின்றன. தோலுக்கென்றே சென்னை அடையாறில் 1948இலிருந்து ஒரு மத்திய ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. அதே மாநிலத்தில் ஒரு பிள்ளை நோட்டு அட்டையை மிதித்துக்கொண்டு பள்ளிக்குப் போகிறான். சொல்லிவிட்டுத் தாண்டிப் போகிறேன்.)

இரவு சாப்பிடும்போது வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் இலை வண்டி ஓட்டுகிறார், தோட்டங்களில் பச்சை இலையை ஏற்றிக்கொண்டு போய் ஃபேக்டரியில் இறக்குவார்.

"விட்டுத் தள்ளு. 850 ரூபாய்க்காக நாளைக்கு அந்த மனுஷன் மூஞ்சில எப்படி முழிக்கிறது?"

அவர் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. அந்தக் கடைக்காரர் எங்களுக்கு அந்நியர் இல்லை. இலை விலை அடிமட்டத்துக்குப் போன ஒரு ஜூனில் யூனிஃபார்ம், ஷூ, பை எல்லாவற்றையும் கடனாகக் கொடுத்து, தீபாவளி வரை வாய் திறக்காமல் இருந்தவர். என் அப்பா தவறிப்போனபோது கடையைப் பூட்டிவிட்டு வந்து, காரியம் முடியும் வரை மழையில் நின்றவர். சென்னையில் ஒரு பெரிய கடைக்குள் போய் ஷூவை மேசை மேல் வைத்து "காசைக் கொடு" என்று கேட்டுவிட்டு வந்துவிடலாம், அந்த ஆளைப் பிறகு பார்க்கவே வேண்டாம். இங்கே அடுத்த வாரம் ஒரே பஸ்ஸில் பக்கத்துப் பக்கத்து சீட்டில் உட்கார வேண்டும். மலை ஊரில் சட்டப் புத்தகத்துக்கும் நமக்கும் நடுவில் இந்த சீட்டு இருக்கிறது.

ஆனால் இன்னொன்றும் யோசித்தேன். துஷ்டி வீட்டுக்கு வந்தது அவருடைய நல்ல குணம். மக்கிய ஷூ விற்றது வியாபாரத்தில் நேர்ந்த தப்பு. முதலாவதைக் காட்டி இரண்டாவதை நான் விழுங்கினால், அதற்கு விலை கொடுத்தது நானோ கடைக்காரரோ இல்லை, மூன்று நாள் ஈரச் சாக்ஸோடு வகுப்பில் உட்கார்ந்திருந்தவன்.

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் போனேன். கடையில் ஆள் அதிகம் இல்லை. ஷூவைப் பார்த்த வேலைக்காரப் பையன், "ஒட்டிக் குடுத்துடலாம்க்கா" என்று கையை நீட்டினான். முதலாளி கண்ணாடியை மேலே தள்ளிக்கொண்டு வந்தார்.

"என்னம்மா, அடுப்புப் பக்கம் வெச்சுக் காயவெச்சீங்களா?"

இது ஒரு பொறி. இந்த மலையில் நனைந்த ஷூவை அடுப்புப் பக்கம் வைக்காத வீடு எது? நாளிதழைக் கசக்கி உள்ளே திணித்து, ஃபிரிட்ஜுக்குப் பின்னால் வெதுவெதுப்பான இடத்தில் வைப்போம், இல்லையென்றால் விறகடுப்புக்கு மேல் பரணில் வைப்போம். வெயில் வந்தால் காயும் என்று காத்திருந்தால் மார்ச் மாதம்தான் பள்ளிக்குப் போக முடியும். சூட்டில் பசை இளகும் என்பது உண்மைதான். அதனால்தான் அவர் அந்தக் கேள்வியைக் கேட்டார். நான் பொய் சொல்லவில்லை.

"ஃபிரிட்ஜுக்குப் பின்னாடி வெச்சேங்கண்ணா. ஆனா பசை விடலியே, அடிதானே உதிருது."

நகத்தால் அழுத்திக் காட்டினேன். அவருடைய கண்ணாடி மேசை மேல் தூள் விழுந்தது. அவர் அதைக் கையால் துடைத்துக்கொண்டே, "மலையில மழையில போட்டா எந்த ஷூவும் கொஞ்சம் அப்படித்தான்மா" என்றார்.

அந்த வாக்கியம்தான் எனக்குக் கோபம் மூட்டியது. மலையில், மழையில் போடத்தானே மலையில் கடை வைத்து ஷூ விற்கிறோம்? என் நாத்தனார் மகன் அரசுப் பள்ளியில் படிக்கிறான். சமவெளிப் பிள்ளைகளுக்கு இல்லாத சில பொருட்கள் மலைப்பகுதிப் பள்ளிப் பிள்ளைகளுக்கு விலையில்லாமல் வருகின்றன: ஸ்வெட்டர், மழைக்கோட்டு, கணுக்கால் வரை ஏறும் பூட்ஸ், சாக்ஸ். மலைக்குக் கால் வேறு, காலணி வேறு என்று அரசாங்கத்துக்கே தெரிந்திருக்கிறது. 30 வருஷமாக இதே பஜாரில் உட்கார்ந்திருக்கிறவருக்குத் தெரியாதா?

அதைச் சொல்லவில்லை. பெட்டி ஸ்டிக்கரை மட்டும் காட்டினேன். அவர் நிஜமாகவே அதிர்ந்தார் என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். ஒன்றும் பேசாமல் உள்ளே போய் அதே அளவில் இன்னொரு பெட்டியைக் கொண்டுவந்து வைத்தார். "மாத்திக்கோங்க." அதன் ஓரத்தையும் சுரண்டிப் பார்த்தேன். பிப்ரவரி 2020.

"எனக்குக் காசு வேணும்ண்ணா."

"காசு திருப்பித் தர்ற பழக்கம் நம்ம கடையில இல்லியேம்மா. பில்லுலயே போட்டிருக்கு பாருங்க."

பில் என்று அவர் சொன்னது, வாங்கிய அன்று கொடுத்த துண்டுச் சீட்டு. மேலே 'எஸ்டிமேட்' என்று அச்சிட்டிருந்தது. ஜி.எஸ்.டி. எண் கிடையாது. கீழே, இந்த நாட்டில் எல்லாரும் மனப்பாடமாக வைத்திருக்கும் திருவாசகம்: விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது.

அந்த வரிக்குச் சட்டத்தில் மதிப்பில்லை. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019, நடைமுறைக்கு வந்தது 2020 ஜூலை 20ஆம் தேதி. அதில் 2ஆம் பிரிவின் 47ஆம் உட்பிரிவு, நேர்மையற்ற வணிக நடைமுறை எவையெவை என்று சொல்கிறது. குறையுள்ள பொருளைத் திரும்ப எடுத்துக்கொண்டு பணத்தைத் தர மறுப்பது அதில் ஒன்று. பில்லில் ஒரு கெடு போட்டிருந்தால் அந்தக் கெடுவுக்குள், எதுவும் போடவில்லையென்றால் 30 நாளுக்குள். முறையான பில் கொடுக்காமல் இருப்பதும் அதே பட்டியலில் இருக்கிறது. ஆக, எஸ்டிமேட் சீட்டு கொடுத்தவர் பில்லைக் காட்டு என்று கேட்டால் அது அவர் தலையில்தான் விழும். பில் சரியில்லையே என்று பயப்பட வேண்டியதும் இல்லை. நான் ஜிபேயில்தான் பணம் போட்டிருந்தேன். தேதி, நேரம், தொகை எல்லாம் ஃபோனில் இருந்தது. பெயர் மட்டும் அவருடைய மனைவியின் பெயர்.

இதையெல்லாம் கடையிலேயே ஒப்பிக்கவில்லை. இரண்டு வாடிக்கையாளர்கள் உள்ளே வந்துவிட்டார்கள். நாலு பேர் முன்னால் அவரை நிறுத்திவைத்துக் கேட்பது வேறு விஷயமாகிவிடும். "யோசிச்சுச் சொல்லுங்கண்ணா" என்று சொல்லிவிட்டு வந்தேன். ஷூவையும் பெட்டியையும் கையோடு கொண்டுவந்துவிட்டேன். இதை மட்டும் யாருக்கும் அழுத்திச் சொல்வேன்: பொருளைக் கொடுத்துவிட்டு வராதீர்கள். அது போனால் வழக்கே போயிற்று. வழக்கென்று போனால், கண்ணால் பார்த்துத் தீர்மானிக்க முடியாத குறையை நுகர்வோர் ஆணையமே ஆய்வகத்துக்கு அனுப்பிப் பார்க்கும். அனுப்ப ஷூ வேண்டுமே.

பெட்டியிலிருந்த கம்பெனி எண்ணுக்கு ஃபோன் செய்தேன். முதலில் இந்தி, பிறகு ஆங்கிலம், பிறகு பாட்டு. கடைசியில் ஒரு பெண் வந்து வாட்ஸப்பில் படம் அனுப்பச் சொன்னாள். அனுப்பினேன். இரண்டு நாள் கழித்து, வாங்கிய கடையை அணுகவும் என்று பதில் வந்தது. 1915க்கும் பேசினேன். அது தேசிய நுகர்வோர் உதவி எண், கட்டணம் கிடையாது, தமிழிலும் பேசுகிறார்கள். அவர்களால் தீர்ப்புச் சொல்ல முடியாது. புகாரைப் பதிவு செய்து எதிர்த்தரப்புக்கு அனுப்பி, சமரசமாக முடியுமா என்று பார்ப்பார்கள். புகார் எண் ஒன்று எஸ்.எம்.எஸ்.ஸில் வந்தது. 1915இல் பேசிய பெண் நிதானமாக, ஒரு தடவைகூட "மேடம், லைன்ல இருங்க" என்று விட்டுவிட்டுப் போகாமல் கேட்டாள்.

30 நாள் கெடு முடிய இரண்டு நாள் இருக்கும்போது கடிதம் அடிக்க உட்கார்ந்தேன். கெடு தாண்டினாலும் வழக்குப் போட 2 வருஷம் அவகாசம் உண்டுதான். இருந்தாலும் கெடுவுக்குள் எழுத்தில் கேட்டுவிட்டேன் என்று ஒரு சாட்சி இருக்கட்டும் என்று பட்டது. மாலை 6 மணிக்கு மேல், கடையில் கூட்டம் குறைந்த பிறகு, என் சொந்தக் குறைக்காக முதல் தடவையாக அந்த விசைப்பலகையைத் தொட்டேன். விரல் தானாக ஓடியது. 'ஐயா, வணக்கம். மேற்படி காலணியைத் திரும்பப் பெற்றுக்கொண்டு எனது தொகையைத் திருப்பி வழங்கி உதவுமாறு தாழ்மையுடன்...'

அந்த இடத்தில் கை நின்றது. என்ன தாழ்மை? என்ன உதவி? 850 ரூபாயை எண்ணிக் கொடுத்திருக்கிறேன். தினமும் 20 தடவை அடிக்கிற சொல், இது என்ன சொல் என்று அன்றைக்குத்தான் பார்த்தேன். குடிநீர் கேட்கிறவர், பட்டா கேட்கிறவர், தன் பணத்தையே திருப்பிக் கேட்கிறவர், எல்லாரையும் நான்தான் தாழ்மைப்படுத்திக்கொண்டிருந்திருக்கிறேன். அவர்கள் யாரும் அந்தச் சொல்லைச் சொல்லி அடிக்கச் சொல்வதில்லை. நானாகப் போடுகிறேன்.

அழித்துவிட்டு இப்படி எழுதினேன்:

'மே 28 அன்று உங்கள் கடையில் 850 ரூபாய்க்கு வாங்கிய பள்ளி ஷூ 10 நாள் பயன்பாட்டில் அடி உதிர்ந்துவிட்டது. பெட்டியில் தயாரித்த மாதம் பிப்ரவரி 2020 என்று உள்ளது. மாற்று ஷூவும் அதே மாதத்தில் தயாரானது என்பதால் எனக்கு அது வேண்டாம். ஷூவைப் பெற்றுக்கொண்டு 850 ரூபாயை 15 நாளுக்குள் திருப்பித் தரவும். தராவிட்டால் உதகையிலுள்ள மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனுச் செய்வேன். உங்கள் பரணில் இதே சரக்கு இன்னும் இருந்தால் தயவுசெய்து வேறு பிள்ளைகளுக்கு விற்காதீர்கள்.'

கடைசி வரி சட்டக் கடிதத்தில் வராது. இருக்கட்டும் என்று விட்டேன். 'தயவுசெய்து' என்பதை அந்த ஒரு இடத்துக்காக வைத்துக்கொண்டேன்.

மனு என்று எழுதியது வெறும் மிரட்டல் இல்லை. 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்கு ஆணையத்தில் கட்டணம் கிடையாது. வக்கீல் வைக்கத் தேவையில்லை. நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம், கம்பெனி வடக்கே எங்கோ இருந்தாலும் சரி. இணையத்தில் இ-ஜாக்ரிதி என்ற தளம் வழியாகவும் போடலாம். எனக்குத் தெரிந்தவர்கள் மிக்ஸிக்கும் தையல் மெஷினுக்கும் போட்டிருக்கிறார்கள், நானே அடித்துக் கொடுத்தேன். ஆனால் 850 ரூபாய்க்காக எத்தனை நாள் லீவு போட்டு உதகைக்கு பஸ் ஏறுவது என்ற கணக்கும் மனசில் ஓடிக்கொண்டுதான் இருந்தது. அது கடைக்காரருக்கும் தெரியும். சின்னத் தொகைக்காரர்கள் எல்லாரும் மாட்டிக்கொள்ளும் இடம் இது.

கடிதத்தைத் தபாலில் அனுப்ப வேண்டும் என்று நினைத்திருந்தேன், ஒப்புகை கிடைக்கும். பிறகு, 200 அடி தூரத்தில் இருப்பவருக்கு தபால்காரர் மூலம் எழுதினால் அதுதான் உண்மையான அவமரியாதை என்று தோன்றியது. இரண்டு பிரதி எடுத்துக்கொண்டு, இரவு கடை சாத்தும் நேரத்தில் நேரில் போனேன். வேறு யாரும் இல்லை. அவர் நின்றபடியே படித்தார். கடைசி வரிக்கு வந்ததும் என்னை ஒரு தடவை பார்த்தார். என் பிரதியில் கையெழுத்துப் போட்டு, தேதியும் எழுதிக் கொடுத்தார். "உட்காரும்மா" என்றோ "போய்ட்டு வாம்மா" என்றோ சொல்லவில்லை. ஷட்டரை இழுத்தார்.

நான்காம் நாள் ஃபோனில் 'டிங்' என்றது. 850 ரூபாய், அவருடைய மனைவியின் பெயரிலிருந்து. வேலைக்காரப் பையன் வந்து ஷூவை வாங்கிக்கொண்டு போனான். பெட்டியைத் தர என் மகன் ஒப்பவில்லை, பைன் காய் எங்கே போகும் என்றான். நானும் ஸ்டிக்கரைப் படமெடுத்துக்கொண்டு விட்டுவிட்டேன்.

அதற்குப் பிறகு ஒரு வாரம் பஜாரில் அவர் கடைப்பக்கம் போகாமல், மீன் கடை வழியாகச் சுற்றிக்கொண்டு வேலைக்குப் போனேன். வெற்றி பெற்றவள் மாதிரியே இல்லை, திருடிவிட்டு வந்தவள் மாதிரி இருந்தது. எட்டாம் நாளோ ஒன்பதாம் நாளோ, அவரே எங்கள் ஜெராக்ஸ் கடைக்கு வந்தார். கையில் ஒரு கட்டு இன்வாய்ஸ். கோயமுத்தூர் மொத்த வியாபாரி சீசன் நேரத்தில் மற்ற சரக்கோடு சேர்த்து அந்த 40 ஜோடியையும் தலையில் கட்டிவிட்டானாம், இப்போது திருப்பி எடுக்க மாட்டேன் என்கிறானாம்.

"அன்னிக்கு எழுதினீங்களே, அதே மாதிரி ஒண்ணு அடிச்சுக் குடும்மா. தமிழ்லயே இருக்கட்டும்."

வியாபாரத்துக்காக வாங்கினவர் நுகர்வோர் ஆகமாட்டார், அந்தச் சட்டம் அவருக்குக் கைகொடுக்காது. அதைச் சொன்னேன். பரவாயில்லை, கடிதமாவது போகட்டும் என்றார். இன்வாய்ஸ் எண்கள், தேதி, ஜோடிக் கணக்கு எல்லாவற்றையும் அவர் சொல்லச் சொல்ல அடித்தேன். 'தாழ்மையுடன்' போடவில்லை. அவரும் கேட்கவில்லை. ஒரு பக்கம் 30 ரூபாய். வாங்கிக்கொண்டேன்.

இந்த அமளியில் பையனுக்குப் போட ஷூ இல்லையே என்று நாத்தனார் தன் மகனுக்குச் சின்னதாகிப்போன பள்ளி பூட்ஸைக் கொடுத்தனுப்பியிருந்தாள். விலையில்லா பூட்ஸ், கணுக்கால் வரை ஏறும், இரண்டு மழையைப் பார்த்தது. செருப்பு தைக்கும் தாத்தா முன்மூக்கில் ஒரு தோல் துண்டு வைத்துத் தைத்தார், சுற்றிலும் ஒரு ஓட்டு ஓட்டினார். இந்தத் தடவை நிஜ நூல், மெழுகு தேய்த்த நைலான். 60 ரூபாய் சொல்லி 50 வாங்கிக்கொண்டார். புது ஷூ வாங்கும் வரை பொறுத்துக்கொள்ளுங்கள் என்று கிளாஸ் டீச்சருக்கு ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தேன்.

850 ரூபாய் வந்த அன்றைக்கே சிலிண்டர்காரர் வந்துவிட்டார். மேலே கொஞ்சம் போட வேண்டியிருந்தது. இப்போது ஆடி பிறந்துவிட்டது. பையன் இன்னும் பூட்ஸில்தான் போகிறான், புது ஷூ வேண்டாம் என்கிறான். குறுக்குப்பாதையில் வேண்டுமென்றே தண்ணீர் தேங்கின பள்ளமாகப் பார்த்து மிதிக்கிறான் என்று பக்கத்து வீட்டு அக்கா சொன்னார். சாயங்காலம் ஒன்று படியில் கிடக்கிறது, இன்னொன்று ரோஜாத் தொட்டிக்குப் பின்னால்.